வாங்க என்று சொல்லாதவள்

ஹேமலதாவுக்கு மண்டைக்கனம் என்று எங்கள் மலையடிவார ஊரான காரவள்ளியில் எல்லோரும் சொன்னார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னது நான்தான்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த ஆளை ‘வாங்க’ என்று கேட்காமல் விடுவது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமம். சோறு போடாவிட்டால்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல’ என்று சொல்லிப் பத்து வருஷம் முகம் பார்க்காமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் தெருவுக்கு ஒரு ஜோடி உண்டு. ஒரு பெருநாளைக்கு அம்மா கொடுத்தனுப்பிய பிரியாணியைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு ஹேமலதா வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள்தான் நின்றாள். என்னைப் பார்த்தாள், தூக்குப்போசியைப் பார்த்தாள், கை நீட்டி வாங்கிக்கொண்டாள். வா என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவள் அம்மா வள்ளியாத்தாள் ஓடி வந்து, “வா கண்ணு, வா வா, உள்ள வா” என்று என் கையைப் பிடித்து இழுத்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு நான் வைத்த பெயர் மகாராணி.

என் நாக்கு வேறு மாதிரி. மலைப்பாதையின் முதல் வளைவுக்கு முன்னால் கடைசியாக இருப்பது எங்கள் கடை. அத்தா ஹபீப் ரஹ்மான் மலையிலிருந்து இறங்கும் மிளகும் பலாப்பழமும் வாங்கி விற்பவர். கடைக்கு முன்னால் டிரைவர்களுக்காக ஒரு டீ பாய்லரும் போட்டிருந்தார். ஐந்து வயதிலிருந்து அந்த வாசலில் நின்று, “வாங்கண்ணா, வாங்கக்கா, உள்ள வாங்க, உக்காருங்க, டீ சாப்புடுங்க” என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவள் நான். என் நாக்கு ஒன்றே போதும், சரக்கு இல்லாமலே கடை நடத்தலாம் என்பார் அத்தா.

1999இல் ஹேமலதாவும் நானும் பிளஸ் டூ, ஒரே வகுப்பு. நான்காவது பீரியடில் அவள் இருந்ததே இல்லை. வாத்தியார்கள் திட்டிப் பார்த்தார்கள், வெளியே நிறுத்திப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பள்ளி இருந்தாலும் விடுமுறை என்றாலும் பதினொன்றரை மணி பஸ்ஸில் மலையேறி, ஒரு மணிக்குள் இறங்கிவிடுவாள். யாரையோ பார்க்கப் போகிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு உண்மைதான். பார்க்கத்தான் போனாள்.

அது யார் என்று கண்டுபிடித்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். பலா இறங்கும் மாதம். என் அண்ணன் ஷாஹுல் விடியற்காலையிலேயே லாரியை எடுத்துக்கொண்டு மலைமேல் ஆலத்தூர் நாட்டுக்கு லோடு ஏற்றப் போயிருந்தான். எங்கே போகிறாய் என்று கேட்க ஆள் இல்லை.

ஹேமலதா பதினோராவது வளைவில் இறங்கினாள். அங்கே ஊரும் கிடையாது, தோட்டமும் கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இடிந்த தடுப்புச்சுவர், அதற்குக் கீழே பள்ளம். பஸ் நகர்வதற்குள் நானும் குதித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தவள் முகம் வெளுத்துவிட்டது.

“அர்ஃபா, அந்தப் பாறைகிட்டப் போயி உக்காரு. எறங்கற பஸ்ஸு வந்தா ஏறிப் போயிரு. அது வரைக்கும் யாரு வந்தாலும் வாயத் தொறக்காத.”

வாயைத் திறக்காதே என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் அதற்குப் பிறகு நிம்மதியாக இருந்ததில்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். அவள் குரலில் இருந்தது திமிர் இல்லை, பயம் என்று அப்போதே எனக்குப் பட்டது. அதை நான் மதித்திருக்க வேண்டும்.

சூரியன் உச்சிக்கு வந்தபோது இடிந்த சுவர் ஓரமாக ஒருவர் நடந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, தோளில் துண்டு. அந்த வெயிலிலும் முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

“கண்ணு, என்ற பையனப் பாத்தியா? கிளீனர் பையன். இங்கதான் நின்னான்” என்றார்.

ஹேமலதா ரோட்டின் நடுவில் அவரை மறித்து நின்றாள். “இந்த வருசம் மொளகுக் கொடி நல்லா ஏறியிருக்குதுங்க” என்றாள்.

“ஆமாமா. பையன் கீழ போயிட்டானோ என்னமோ.” அவர் இரண்டு அடி இறங்கினார்.

அவள் இரண்டு அடி தள்ளி மறுபடி மறித்தாள். “மேக்க மழை கட்டுதுங்க. பாத்தீங்களா?”

இப்படியே அரை மணி நேரம். அவர் பையனைக் கேட்பதும், அவள் மழையையும் ராகியையும் பேசுவதும், அவர் இறங்கப் பார்ப்பதும், அவள் மறிப்பதும். பாவம், கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நிற்கிறார். உட்காருங்கள் என்றாவது சொன்னாளா? எனக்கு அந்தப் பெருநாள் வாசல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எழுந்து போனேன்.

“அண்ணா, ஏனுங்க வெயில்ல நிக்கறீங்க? கீழ நம்ம கடைக்கு வாங்க. ஒரு டீ சாப்புட்டுப் போலாம், வாங்க.”

ஹேமலதா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். ஆனால் சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லி முடித்திருந்தேன். என்ன வேகம் என் நாக்குக்கு!

அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. “என்னையவா கூப்புட்டீங்க சாமி? வாரேன், வாரேன்” என்றார்.

இறங்குகிற பஸ் வந்தது. நான் ஏற, எனக்குப் பின்னால் அவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹேமலதா பின்சீட்டில் உட்கார்ந்தாள். கண்டக்டரிடம் மூன்று டிக்கெட் கேட்டேன்.

“ரெண்டு பேருக்கு எதுக்கு கண்ணு மூணு டிக்கெட்டு?” என்று சிரித்துக்கொண்டே இரண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த சீட்டின் ரெக்சின் கொஞ்சம்கூட அமுங்கவில்லை. ஜன்னல் வழியாக வந்த வெயில் அவர் மடியைத் துளைத்துத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மனதுக்குள் பிஸ்மி சொன்னேன், எனக்குத் தெரிந்த சூரா எல்லாம் ஓதினேன். அவர் அதற்கெல்லாம் கோபப்படவில்லை. ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பின்சீட்டிலிருந்து ஹேமலதா என் காதுக்குள் பேசினாள். அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் பெயர் ராசப்பன். லாரி டிரைவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வளைவில் வண்டியோடு பள்ளத்தில் போனவர். அவரைப் போல இந்தப் பாதையில் நான்கு பேர் நான்கு வளைவுகளில் நிற்கிறார்கள். செத்தது தெரியாமல் நிற்கிறவர்கள். மற்ற நேரமெல்லாம் அவரவர் இடத்தில் சும்மா இருப்பார்கள். உச்சிப்பொழுதில் மட்டும் கால் நிற்காது, ஊருக்கு இறங்கப் பார்ப்பார்கள். ஒவ்வொரு நாளும் முறை வைத்த மாதிரி நான்கு பேரில் ஒருவருக்குத்தான் அந்தத் தவிப்பு வரும். அந்த ஆளுடன் நின்று பேச்சுக் கொடுத்து, அந்தப் பொழுதைக் கடத்திவிட்டால் போதும். அவள் அப்பா வெங்கிடுசாமி இருபது வருஷம் இதைச் செய்தார். மூன்று வருஷத்துக்கு முன் வாதம் வந்து வாய் கோணிப் பேச்சு நின்றுபோனது. மறுநாள் பதினொன்றரை பஸ்ஸில் ஹேமலதா ஏறிவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது.

“அவங்களக் கூப்புடாம இருக்கற வரைக்கும்தான் நாம மறிக்க முடியும். வாங்கன்னு கூப்புட்டாச்சுன்னா விருந்தாளி. விருந்தாளிய யாரு தடுக்கறது?” என்றாள்.

“அதனாலதான் நீ யாரையும்…”

“நாக்குக்கு ஆள் தெரியாது அர்ஃபா. உசுரோட இருக்கறவங்களுக்கு ஒரு பழக்கம், இவங்களுக்கு ஒரு பழக்கம்னு வெச்சுக்க முடியாது. நெனைக்கறதுக்குள்ள வாய்ல வந்துரும். அதுனால யாருகிட்டயுமே சொல்றதில்லன்னு வுட்டுட்டேன்.”

மூன்று வருஷம். வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் முகம் சுளித்துப் போயிருப்பார்கள். ஊரே மண்டைக்கனம் என்றது. ஒரு தடவைகூட அவள் யாருக்கும் காரணம் சொன்னதில்லை. நானாக இருந்தால் ஒரு வாரத்தில் மைக் கட்டிச் சொல்லியிருப்பேன்.

“அன்னைக்குப் பிரியாணி கொண்டாந்தியே” என்றாள். “உன்னைய உள்ள கூப்புட்டு உக்கார வெச்சுப் பேசோணும்னு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் பேய் உட்கார்ந்திருப்பதுகூட மறந்துபோனது.

அழுது முடிப்பதற்குள் அடுத்ததையும் சொன்னாள். “வளைவு காலியா இருக்கக்கூடாது. பொழுது எறங்கறதுக்குள்ள அவரு திரும்பிப் போயி நிக்கோணும். இல்லீன்னா அந்த எடம் வேற ஆள எடுத்துக்கும். அந்தப் பக்கம் வர்ற வண்டில ஒண்ணு.”

“ஷாஹுல் அண்ணன் லோடு ஏத்திட்டு எறங்குவான் இன்னைக்கு” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

காரவள்ளியில் இறங்கியதும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஆலத்தூர் நாட்டில் எங்களுக்குப் பலா கொடுக்கும் அண்ணாமலை வீட்டில் போன் இருந்தது.

“வண்டி இப்பத்தான் கெளம்புச்சு கண்ணு. செம்மேட்டுல மொளகு மூட்டை ஏத்திட்டு எறங்கறேன்னாப்ல. அஞ்சு மணிக்கெல்லாம் அங்க வந்துருவாரு” என்றார்.

“வழில நிறுத்திச் சொல்லிடலாமா?” என்று ஹேமலதாவைக் கேட்டேன்.

“உங்க அண்ணன நிறுத்தலாம். பின்னாடி சாயந்தர பஸ் வருது. அதுல அம்பது பேரு. எத்தன வண்டிய நிறுத்துவ?”

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஒருவனை நினைத்தேன், அவள் எல்லோரையும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்கு வந்தோம். அத்தா மதிய லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் கிளம்பிக்கொண்டிருந்தார். “கடையப் பாத்துக்க, ஊட்டுக்குப் போயி சாப்புட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வந்துடறேன்” என்று ராசப்பனைத் தாண்டிப் போனார். அவர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. உச்சிப்பொழுதில் அந்த வளைவில் நின்ற எனக்கும் ஹேமலதாவுக்கும் மட்டும்தான் தெரிந்தது.

ராசப்பன் ஒரு மிளகு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். டீ போட்டு முன்னால் வைத்தேன். ஆவி பறந்த டீ வைத்த நொடியில் ஆறிப்போனது. அவர் அதை ஆசையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“எப்படித் திருப்பி அனுப்பறது?” என்று ஹேமலதாவின் காதைக் கடித்தேன்.

“தொரத்த முடியாது. மனசாரக் கெளம்போணும். கூப்புட்டவங்க கூடவே போயி, எடத்துல கொண்டுபோயி வுடோணும். நம்ம ஊட்டுக்கு வந்தவங்கள பஸ் ஏத்தி வுடறதில்லையா, அது மாதிரி.”

“போலாமுங்களா அண்ணா?” என்று இரண்டு தடவை கேட்டேன். “கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன் சாமி, காலெல்லாம் ஓய்ஞ்சு கெடக்கு” என்றார். ஆறு வருஷம் நின்ற கால். போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொல்வதற்கு என் நாக்கு பழகவே இல்லை. மூன்று மணி பஸ் மேலே ஏறிப் போய்விட்டது. கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

அப்போது அவர் எதிர்ச்சாரியைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

“அது யாரு கடைங்க? நம்ம பேரு போட்டிருக்குது.”

எதிரே டயர் பஞ்சர் கடை. ‘ராசப்பன் பஞ்சர் ஒர்க்ஸ்’ என்று மஞ்சள் போர்டு. நான் தினமும் பார்க்கிற போர்டு. கடைக்காரன் பெயர் சசிதரன், இருபது வயது, இடது கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடப்பான். சசிதரன் கடைக்கு எதற்கு ராசப்பன் என்று பெயர் என்று ஒரு நாளாவது நான் யோசித்ததில்லை. ஊர் வம்பெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவள் நான்!

சசிதரன் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வெளியே வந்தான். ராசப்பன் மூட்டையிலிருந்து எழுந்துவிட்டார்.

“டேய், சசீ” என்றார். அவனுக்குக் கேட்கவில்லை. அவர் அவன் காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். “மீசையே மொளைக்காத பயலாச்சே. எப்படிங்க இத்தாப் பெரிய ஆளாயிட்டான்?”

ஹேமலதா என்னைப் பார்த்தாள். ஊர்ச் செய்தி எதையும் அவர்களிடம் சொல்லக்கூடாது, சொன்னால் நிற்க மாட்டார்கள் என்பதும் அவள் வைத்திருந்த கட்டுப்பாடு. ஆறு வருஷமாக அப்பாவும் மகளும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் மழையைப் பேசியிருந்தார்கள். ஆனால் அன்று அவள் அவர் கண்ணைப் பார்த்து நேராகச் சொன்னாள்.

“ஆறு வருசம் ஆச்சுங்க. வண்டி சாயறதுக்கு முன்னாடி நீங்க அவன வெளிய தள்ளி வுட்டீங்க. கால்ல மட்டும் அடி. அவன் பொழச்சுக்கிட்டானுங்க.”

“நானு?”

“நீங்க வண்டியோட போயிட்டீங்க.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லாத முகத்தை. பிறகு மறுபடி எதிரே பார்த்தார். சசிதரன் டயரைக் கழற்றி ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“ட்யூபை நல்லாத் திருப்பித் திருப்பிப் பாக்கறான். நான் சொல்லிக் குடுத்ததுதான்” என்றார். அவர் குரலில் அவ்வளவு பெருமை.

ஹேமலதா அடுத்துச் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் நினைத்தால் சிலிர்க்கிறது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவரை எப்படியாவது கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவதுதான் அவளுக்கு வேலை. ஆனால் அவள் ஏமாற்றவில்லை.

“பையனப் பாத்துட்டீங்க. இனி நீங்க அங்க நிக்கோணும்னு இல்லீங்க. இப்படியே போயிரலாம், உங்களுக்குப் பாதை தொறந்துதான் இருக்கும். ஆனா நீங்க நின்ன எடம் இப்ப காலியா இருக்குது. பொழுது எறங்கறதுக்குள்ள அது யாரையாச்சும் எடுத்துக்கும். உங்ககிட்ட மறைக்கக்கூடாது, அதான் சொல்லிட்டேன்.”

“மேல இப்ப என்ன வண்டி இருக்குது?” என்று டிரைவர் மாதிரியே கேட்டார்.

“என்ற அண்ணன் ஷாஹுல். பலாப்பழ லோடுங்க. பின்னாடி சாயந்தர பஸ்” என்றேன். அழுதுகொண்டே சொன்னேன், மறைக்கவில்லை.

“லோடு வண்டி. அதும் எறக்கத்துல. நியூட்ரல்ல வுட்டு எறக்குவானா?”

“டீசல் மிச்சம்னு எறக்குவானுங்க. அத்தா எத்தனையோ தடவ திட்டியாச்சு.”

“கழுத, நானும் அப்படித்தான் எறக்குனேன்.” துண்டை உதறித் தோளில் போட்டார். “எந்திரிங்க சாமி. போலாம்.”

நாலு மணி ஆகப்போகிறது. அடுத்த பஸ் ஐந்தரைக்குத்தான். பக்கத்துக் கடைப் பையனைக் கல்லாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். ரோட்டு வழியாகப் போனால் நேரம் ஆகும் என்று ஹேமலதா வளைவுக்கு வளைவு குறுக்கே ஏறும் ஒற்றையடிப் பாதையில் எங்களை ஏற்றினாள். முள்ளும் சரளையும். நாலாவது வளைவில் என் செருப்பு அறுந்தது. ஆறாவதில் மூச்சு அறுந்தது. கூப்பிட்டவள் நான், நான்தான் கொண்டுபோய் விட வேண்டும், வேறு யாரும் எனக்காக அதைச் செய்ய முடியாது. ஹேமலதா என் துப்பட்டாவின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு ஏறினாள். ஒல்லியான உடம்பு. எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ.

ராசப்பன் பக்கத்திலேயே வந்தார். நான் உட்காரும்போதெல்லாம், “மொதல் கியர்லயே வா கண்ணு, அவசரமில்ல” என்பார். உடனே மேலே பார்த்து, “கொஞ்சம் அவசரந்தான்” என்பார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பத்தாவது வளைவைத் தொட்டபோது மேலே ஏர் ஹாரன் கேட்டது. எங்கள் வண்டியின் ஹாரன். ஷாஹுலே சேலத்தில் போய்ப் பொருத்தியது, ஊரே காதைப் பொத்தும் சத்தம். கடைசி ஏற்றத்தை நான் கையாலும் காலாலும் ஏறினேன். பதினோராவது வளைவில் தலை நீட்டியபோது லாரி மேல் முனையில் திரும்பிவிட்டது. அது இறங்கிய வேகம் சரியில்லை. பிரேக் சூட்டில் கருகும் வாசம் அதற்கு முன்னால் வந்து சேர்ந்தது. வெளிப்பக்கச் சக்கரம் இடிந்த சுவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“அண்ணா, இதுதானுங்க உங்க எடம். கொண்டாந்து வுட்டுட்டேன்” என்று கத்தினேன்.

ராசப்பன் ஓடினார். இடிந்த சுவரின் மேல் ஏறி, பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார்.

“ரெண்டுல போடு! ரெண்டாவதுல போடு! ஒடி, ஒடி, பாறப் பக்கம் ஒடி! அப்படித்தான், வா, வா, வா…”

கியர் விழும் சத்தம் கேட்டது. என்ஜின் கதறியது. லாரி உள்பக்கம் ஒடிந்து பாறையில் உரசி, பத்தடி தேய்த்துக்கொண்டே போய் நின்றது. மேலிருந்து நாலைந்து பலாப்பழம் உருண்டு ரோட்டில் விழுந்து உடைந்தது. அந்த வளைவு முழுக்கப் பழ வாசம்.

ஷாஹுல் இறங்கினான். என்னைப் பார்த்து நீ எங்கே இங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

“யாரு அர்ஃபா அந்தக் காக்கிச் சட்டைக்காரரு? அவரு மட்டும் ரெண்டுல போடுன்னு கத்தலீன்னா போயிருப்பேன். எங்க போயிட்டாரு?”

அவர் எங்கும் போகவில்லை, ஆபத்து தாண்டியதும் அவன் கண்ணுக்கு மறைந்துவிட்டார், அவ்வளவுதான். அவனுக்கு இரண்டடி பக்கத்தில்தான் சுவரில் உட்கார்ந்திருந்தார். பாதை திறந்திருந்தும் போகவில்லை. ஹேமலதா அவர் முன்னால் போய் நின்றாள்.

“சாயந்தர பஸ்ஸும் எறங்கட்டுங்க. அப்பறம் நீங்க போலாமுங்க” என்றாள்.

“அப்பறம் எடம் காலியாயிருமே கண்ணு” என்றார் ராசப்பன். “நாளைக்கும் வண்டி வருமில்ல. நான் இருக்கறேன். இத்தன நாளு எதுக்கு நிக்கறோம்னு தெரியாம நின்னேன், அதான் காலு நிக்கல. இப்ப வேலை இருக்குதே. நீ மத்த மூணு பேரையும் பாரு. இந்த வளைவ நான் பாத்துக்கறேன்.”

ஹேமலதா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று வருஷம் ஒற்றை ஆளாக நின்றவள். முதல் தடவையாக அவள் வேலையில் ஒரு பங்கைத் தூக்கிக்கொள்ள ஒருவர் வந்திருக்கிறார், அதுவும் யாரைத் தடுத்து நிறுத்தினாளோ அவரே. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ஷாஹுல் எங்கள் இருவரையும் பார்த்துப் பயந்துபோய் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். எங்களுக்குத்தான் ஏதோ அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டான், பாவம். அன்றைக்குப் பிறகு அவன் நியூட்ரலில் வண்டி இறக்கியதில்லை. பதினோராவது வளைவில் இன்றைக்கும் ஒரு ஹாரன் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவான்.

மறுநாள் பதினொன்றரை பஸ்ஸில் நானும் ஏறினேன். ஹேமலதா எதற்கு என்று கேட்கவில்லை, ஜன்னலோரம் நகர்ந்து இடம் கொடுத்தாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது பேய்கள் இல்லை. என் நாக்குதான். முதல் மாதம் பல்லுக்கு நடுவில் ஒரு கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டே நின்றேன். இருபத்தாறாவது வளைவில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு அக்காவை வாங்க என்று சொல்லாமல் நின்ற அன்று, கீழே வந்து ஒரு மணி நேரம் அழுதேன். ஹேமலதா இதைப் பதினான்கு வயதில் தனியாகச் செய்தாள் என்பதை நினைத்துக்கொண்டேன், மறுநாளும் போனேன்.

ஆடி மாதம் சேலத்திலிருந்து என் பெரியம்மா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்தது நான். பெரியம்மா சிரித்த முகத்தோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவர்கள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன், நாற்காலியை இழுத்துப் போட்டேன், செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கிராம்பு இல்லாமலே வாய் மூடி இருந்தது.

“வந்தவங்கள ஒரு வார்த்தை வாங்கன்னு கேக்கல பாத்தியா ஜீனத்து. உன்ற மகளுக்கு இத்தன மண்டைக்கனம் எங்கிருந்து வந்துச்சு?” என்று பெரியம்மா அம்மாவிடம் சொல்வது அடுப்படியில் இருந்த எனக்குக் கேட்டது.

என்னைப் பற்றி ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குப் போல எதற்கும் நான் சந்தோஷப்பட்டதில்லை. பதினொன்றே கால் ஆகியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன், இதை முதலில் ஹேமலதாவிடம் சொல்ல வேண்டும்.